பிரித்துக் கட்டிய இன்ஜினில் சத்தம், இழுவைக் குறைவு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம்மவர் வீட்டு வாசல்களில் இன்னும் பழைய கொரோலாவும் சிட்டி கோல்ஃபும் நிசான் 1400 பக்கியும் (சின்ன பிக்கப் வண்டி) நிற்கின்றன. வண்டி உடம்பு நன்றாக இருக்கும், இன்ஜின் மட்டும் புகை தள்ளும். சரி, போர் போட்டு (சிலிண்டரைக் கடைந்து), பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் மாற்றி, ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) வேலையும் செய்துவிடலாம் என்று முடிவெடுப்பார்கள். வண்டி வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே இரண்டு புகார்களில் ஒன்று வரும். "ஃபீல்ட்ஸ் ஹில் மேட்டில் மூன்றாம் கியருக்கு இறங்கவேண்டியிருக்கிறது" என்பது ஒன்று. "ஏதோ தட்டுகிற சத்தம் கேட்கிறது" என்பது இன்னொன்று. சில சமயம் இரண்டும் சேர்ந்தே வரும்.

இந்த வேலையில் நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் விஷயங்கள் இரண்டு. பழைய இன்ஜின் தேய்ந்து கெடுகிறது. புதிதாகக் கட்டியது பொருத்தியதில் உள்ள பிசகால் கெடுகிறது. ஆகவே கடைசியாகக் கைபட்ட இடத்திலிருந்து தேடுங்கள். அடுத்தது, சத்தமும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால் முதலில் சத்தத்தைப் பாருங்கள். இழுக்காத வண்டியால் நேரம்தான் போகும். பேரிங் தட்டுகிற வண்டியை ஓட்டினால் கிராங்க் (இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டு) போய்விடும்.

கையில் இருக்கவேண்டியவை: டைமிங் லைட், கம்ப்ரஷன் கேஜ், வேக்கம் கேஜ், ஃபீலர் கேஜ், ஆயில் அழுத்தம் பார்க்கும் கேஜ், ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ். ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை இன்ஜின் மேல் நகர்த்தினால் சத்தம் வரும் இடம் துல்லியமாகத் தெரியும். கராஜ் கதவைத் திறந்துவைத்துத்தான் இன்ஜினை ஓட்டவேண்டும். மூடிய இடத்தில் புகை உயிரை எடுக்கும்.

## எந்தச் சத்தமானாலும் முதல் சோதனை: ஆயில் அழுத்தம்

டேஷ்போர்டு விளக்கு அணைந்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அழுத்தம் மிகவும் விழுந்த பிறகுதான் அது எரியும். ஆயில் ஸ்விட்சைக் கழற்றி அந்தத் துளையில் கேஜைத் திருகிப் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளக்கவேண்டும். ஆறிய ஆயில் கெட்டியாக இருப்பதால் எண்ணைக் கூட்டிக்காட்டும்.

கொரோலாவின் 4ஏ-எஃப்இ இன்ஜினுக்கு 3000 ஆர்பிஎம்-இல் 2.5 முதல் 5 பார் வரை இருக்கவேண்டும். ஐடிலில் அரை பார் அளவாவது நின்றால் எனக்கு நிம்மதி. மற்ற இன்ஜின்களுக்கு அந்தந்த மேனுவல் எண்ணைப் பாருங்கள்.

அழுத்தம் சரியாக இருந்தால் கீழே உள்ள அறிகுறிகளுக்குப் போகலாம்.

அழுத்தம் குறைவாக இருந்தால் இன்ஜினை நிறுத்துங்கள். ஆயில் அளவு, ஃபில்டர், ஊற்றிய ஆயிலின் தடிமன் ஆகிய மூன்றையும் பாருங்கள். அவை சரி என்றால் ஆயில் சம்பை (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) கழற்றியாகவேண்டும். ஆயில் உறிஞ்சும் குழாயின் கேஸ்கெட் சரியாக உட்காராமல் காற்றிழுப்பது ஒரு காரணம். பம்ப்பின் ரிலீஃப் வால்வு குப்பையில் சிக்கித் திறந்தபடி நிற்பது இன்னொன்று. பிளாக்கைக் கழுவுவதற்காக ஆயில் பாதைகளின் அடைப்பான்களைக் கழற்றுவார்கள். அதில் ஒன்றைத் திரும்பப் போடாமல் விட்டால், பம்ப் தள்ளும் ஆயில் பேரிங்குக்குப் போகாமல் சம்புக்கே திரும்பிவிடும். இது எதுவும் இல்லை என்றால் மிச்சம் பேரிங் இடைவெளிதான். அதைக் கட்டியவரிடமே கொண்டுபோகவேண்டும்.

## அறிகுறி: மேலே "டிக் டிக்" என்ற மெல்லிய சத்தம்

பயப்பட வைக்கும், ஆனால் பெரும்பாலும் மலிவில் முடிகிற சத்தம் இது.

### ஆறியிருக்கும்போது கேட்கிறது, சூடானதும் மறைகிறது

முதல் சந்தேகம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட். கசிவுச் சத்தத்தைக் கேட்டால் டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) என்றே தோன்றும். உலோகம் சூட்டில் விரிந்து இடுக்கை அடைக்கும்போது சத்தம் நின்றுவிடும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் சைலென்சர் முனையை ஈரத்துணியால் ஒரு நொடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்த நேரம் சத்தம் கூடினால் கசிவுதான். நட்டுகளை வரிசைப்படி இறுக்குங்கள். ஸ்டட் முறிந்திருந்தாலோ மேனிஃபோல்டு முகம் வளைந்திருந்தாலோ லேத் பட்டறை வேலை.

ஹைட்ராலிக் டாப்பெட் உள்ள கோல்ஃப் இன்ஜின்களில் நீண்ட நேரம் நின்ற பிறகு சில நிமிடம் டிக் டிக் வருவது இயல்பு. ஆயில் நிரம்பியதும் அடங்கும். ஹெட் கழற்றி மாட்டிய முதல் ஸ்டார்ட்டில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே கேட்கும். வண்டி நன்றாகச் சூடேறி ஓடிய பிறகும் அடங்கவில்லை, அழுத்தமும் சரியாக இருக்கிறது என்றால் அந்த டாப்பெட்டை மாற்றவேண்டியதுதான்.

### சூடானாலும் மாறவில்லை

இன்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் தட்டினால் வால்வுப் பக்கம். வால்வு கவரைத் திறந்து டாப்பெட் இடைவெளியை அளங்கள். நிசான் 1400-இல் சூடான இன்ஜினில் 0.35 மி.மீ.; ராக்கரில் உள்ள திருகால் சரிசெய்யலாம், வீட்டிலேயே முடியும். அதில் புஷ்ராட் வளைந்திருக்கிறதா என்று கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்துவிடுங்கள். புது கேஸ்கெட் படியப் படிய இடைவெளி மாறும். கட்டிச் சில நூறு கி.மீ. ஓடியதும் மறுபடி அளப்பது அவசியம். அதே நேரத்தில் ஹெட் போல்ட்டை மறுபடி இறுக்கவேண்டுமா என்பதை கேஸ்கெட் உறையில் எழுதியிருப்பார்கள். வேண்டாம் என்றிருந்தால் தொடாதீர்கள்.

4ஏ-எஃப்இ-இல் ஆறிய இன்ஜினில் இன்டேக் 0.15 முதல் 0.25, எக்ஸாஸ்ட் 0.20 முதல் 0.30 மி.மீ. இங்கே திருகு கிடையாது, ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) மாற்றவேண்டும். இந்த இன்ஜினில் இன்னொரு விஷயம் பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. டைமிங் பெல்ட் ஒரு கேம்ஷாஃப்டைத்தான் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சுழற்றும்; மற்றதை ஒரு பல்சக்கர ஜோடி சுழற்றும். அந்தப் பல்சக்கரங்களில் ஒன்று இரண்டு தட்டுகளாகப் பிளந்து, நடுவே ஸ்பிரிங் வைத்தது. கேமைக் கழற்றுமுன் ஒரு சிறிய போல்ட்டைப் போட்டு இரண்டு தட்டையும் பூட்டிவைக்கவேண்டும். அதைச் செய்யாமல் கழற்றி மாட்டினால் ஸ்பிரிங் இழுவிசை போய், ஐடிலில் கலகலவென்ற சத்தம் நிரந்தரமாகிவிடும். டாப்பெட் இடைவெளி எல்லாம் சரி, சத்தம் மட்டும் போகவில்லை என்றால் இதைத்தான் பார்க்கவேண்டும்.

டாப்பெட் சத்தமே கேட்காத இன்ஜினை நல்ல இன்ஜின் என்று நினைத்துவிடாதீர்கள். இடைவெளி குறைந்தால் சத்தம் வராது. வால்வு முழுதாக மூடாமல், சூடானதும் இழுவை விழும், பிறகு வால்வு கருகும். தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006-இல் நின்றது. அதற்கு முந்தைய சில பழைய ஹெட்களில், ஈயத்தின் பாதுகாப்பை நம்பியிருந்த, கடினப்படுத்தாத வால்வு சீட்டுகள் இருக்கும். ஹெட் வேலையின்போது அவற்றை மாற்றாமல் விட்டிருந்தால் வால்வு சீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கி இடைவெளியைத் தின்றுவிடும். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் எக்ஸாஸ்ட் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் இதுதான் காரணம்.

## அறிகுறி: இன்ஜின் முன்பக்கத்தில் கடகடவென்ற சத்தம்

வெளி பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் அல்லது அவற்றின் பிராக்கெட்.

நிற்கவில்லை என்றால் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டைச் சோதியுங்கள். சரியாக இறுகாத புல்லி ஆடி ஆடிச் சாவித்துளையைத் தேய்த்துவிடும். பிறகு டைமிங்கும் நகரும். ஒரு போல்ட்டில் தொடங்குகிற இந்தக் குறை கிராங்க் முனையையே தின்றுவிடும் என்பதால், புல்லி ஆடுவதைக் கண்டால் அன்றோடு வண்டியை நிறுத்திவிடுங்கள்.

புல்லி திடமாக இருந்தால், செயின் உள்ள 1400-இல் செயின் டென்ஷனர். பெல்ட் உள்ளவற்றில் பெல்ட் எங்காவது கவரில் உரசுகிறதா என்று பாருங்கள்; உரசிய தடம் பிளாஸ்டிக்கில் தெரியும்.

## அறிகுறி: மேடேறும்போது மட்டும் கிணுகிணு

ஆக்சிலரேட்டரை அழுத்தினால் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம், காலை எடுத்தால் போய்விடுகிறது. இது எந்தப் பாகமும் தட்டும் சத்தம் அல்ல. சிலிண்டருக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது. விட்டுவைத்தால் புது பிஸ்டனில் ஓட்டை விழும்.

முதலில் டேங்கில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். ஜொகன்னஸ்பர்க் 1700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெலிதாக இருப்பதால் 93 ஆக்டேன் போதும், பலரும் அதைத்தான் போடுகிறார்கள். புனித வெள்ளிக்கு டர்பன் பக்கத்து இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள் அந்த டேங்க்கோடு கடல்மட்டத்துக்கு இறங்குவார்கள். அங்கே ஓசையில்லாமல் ஓடிய இன்ஜின் இங்கே கிணுகிணுக்கும். 95 நிரப்பினாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

95 போட்டும் போகவில்லை என்றால் இக்னிஷன் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்). மேட்டு நிலத்தில் கட்டிய வண்டியென்றால் இழுவைக்காக டைமிங்கைக் கொஞ்சம் முன்தள்ளி வைத்திருப்பார்கள். இங்கே அது ஒத்துவராது. 4ஏ-எஃப்இ-இல் சோதனை கனெக்டரில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்த பிறகுதான் டைமிங் லைட்டைப் பிடிக்கவேண்டும். அப்போது 10 டிகிரி காட்டவேண்டும். இணைக்காமல் பார்க்கிற எண்ணை வைத்து டிஸ்ட்ரிபியூட்டரை (பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் பாகம்) திருப்பினால் உள்ளதையும் கெடுத்துக்கொள்வோம்.

அதுவும் சரி என்றால் சூடு: தெர்மோஸ்டாட், காற்று அடைத்த கூலிங் பாதை, தவறான பிளக். கடைசிக் காரணம் ஹெட்டை அளவுக்கு மீறித் தேய்த்துக் கம்ப்ரஷன் கூடிப்போயிருப்பது. அதற்குத் தடித்த கேஸ்கெட் தேடுவதா, வேறு ஹெட் போடுவதா என்பதைப் பட்டறைக்காரரோடு உட்கார்ந்து பேசவேண்டும்.

## அறிகுறி: அடியில் "டொக் டொக்" என்ற கனத்த தட்டல்

இந்தச் சத்தம் கேட்கும் வண்டியை "பட்டறை வரைக்கும்தானே" என்று ஓட்டிப்போகாதீர்கள். கட்டி இழுத்துப் போங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பிரிப்புச் சோதனை ஒன்று உண்டு. சத்தம் கேட்கிற வேகத்தில், ஒவ்வொரு சிலிண்டராக வேலை செய்யாமல் நிறுத்திப் பார்ப்பது. இன்ஜெக்ஷன் வண்டியில் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றினால் போதும். கார்புரேட்டர் வண்டியில் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஒரு பிளக் வயரைக் கழற்றி நன்றாக எர்த் செய்து, பிறகு ஓட்டுங்கள். ஓடும்போது வெறும் கையால் வயரைப் பிடுங்கவேண்டாம். ஷாக் அடிக்கும், எலக்ட்ரானிக் இக்னிஷனும் எரிந்துபோகலாம்.

ஒரு சிலிண்டரை நிறுத்தினால் சத்தம் தெளிவாகக் குறைகிறது. 2000 முதல் 2500 ஆர்பிஎம்-இல் வைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது தட்டல் உரக்கக் கேட்கிறது. கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் தண்டு) பேரிங். சூடாகச் சூடாகக் கூடும். புதிதாகக் கட்டிய இன்ஜினில் இது வருவதற்கு நான் முதலில் கேட்கும் கேள்வி: கிராங்க்கை எத்தனை சைஸ் குறைத்துத் தேய்த்தார்கள், எந்த சைஸ் பேரிங் போட்டார்கள்? 0.25 மி.மீ. குறைத்த கிராங்க்கில் ஸ்டாண்டர்ட் பேரிங் போட்டால் ஆயில் நிற்காது. அடுத்தது ராட் மூடிகள். ஒவ்வொரு ராடுக்கும் அதன் சொந்த மூடி உண்டு. இடம் மாறினாலும் திருப்பிப் போட்டாலும் வட்டம் கெடும்.

சத்தம் குறைகிறது, ஆனால் ஆறியிருக்கும்போதுதான் அதிகம், சூடானதும் அடங்குகிறது, ஓசை வெற்றாக இருக்கிறது. பிஸ்டன் சிலிண்டர் சுவரில் அடிக்கிறது. போர் கொஞ்சம் பெரிதாகிவிட்டிருக்கும், அல்லது பிஸ்டன் திரும்பியிருக்கும். பிஸ்டன் தலையில் உள்ள அம்பு அல்லது குறி டைமிங் பக்கம் பார்க்கவேண்டும். பிஸ்டனை ராடோடு சேர்க்கும் பிஸ்டன் பின்னுக்கான துளை நடுவில் இல்லாமல் சற்று விலகியிருப்பதால் திருப்பிப் போட்டால் தட்டும். ஹெட்டைக் கழற்றினாலே குறி தெரிந்துவிடும். குறி சரியாக இருந்து, சத்தம் ஒரு சில நிமிடத்தில் போய்விட்டால் உடனே பிரிக்கவேண்டாம். ஆயில் செலவைக் கவனித்தபடி ஓட்டலாம்.

ஐடிலில் வேகமான இரட்டைத் தட்டல், கணீரென்ற உலோக ஓசை. பிஸ்டன் பின். சிலிண்டரை நிறுத்தும்போது குறையாமல் தன்மை மாறலாம். இன்ஜின் இறங்கியாகவேண்டும்.

எந்த ஒரு சிலிண்டரை நிறுத்தியும் பெரிதாக மாறவில்லை. சுமை ஏற்றும்போது அடிவயிற்றில் அதிர்கிற ஆழமான சத்தம். ஆயில் அழுத்தமும் குறைவு. மெயின் பேரிங். இதற்கு மேல் வீட்டில் செய்ய எதுவும் இல்லை.

எதுவென்று முடிவாகவில்லை என்றால் ஆயிலை ஒரு சுத்தமான தட்டில் வடித்து வெயிலில் பாருங்கள். ஃபில்டரை அறுத்து அதன் காகித மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் மெல்லிய பொடி முதல் ஆயில் மாற்றத்தில் கொஞ்சம் வருவது வழக்கம். புது ரிங்கும் ஹானிங் செய்த (மெல்லிய கோடு விழத் தேய்த்த) சிலிண்டர் சுவரும் பழகுகின்றன. காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுக்கும் செம்பு நிறமும் கண்டால் பேரிங் அரைபடுகிறது. அந்த ஃபில்டரைப் பையில் போட்டு வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

## அறிகுறி: கிளட்ச் மிதித்தால் சத்தம் மாறுகிறது

மிதித்தால் சத்தம் வருகிறது: ரிலீஸ் பேரிங். மிதித்தால் சத்தம் போகிறது: கியர்பாக்ஸ் பக்கம். இரண்டிலும் இன்ஜின் தப்பித்தது.

கிளட்ச்சை மிதிக்கும்போது ஒரு தடவை "டக்" என்று கேட்டு, கிராங்க் புல்லி முன்னோக்கி நகர்வது கண்ணுக்கே தெரிகிறது என்றால் த்ரஸ்ட் வாஷர் (கிராங்க் முன்பின்னாக நகராமல் தடுக்கும் வளையம்). அதன் ஆயில் கோடுகள் கிராங்க் பக்கம் பார்க்கவேண்டும். திருப்பிப் போட்டால் சீக்கிரம் தேய்ந்துபோகும். கொரோலா இன்ஜினில் இந்த ஆட்டத்தின் உச்ச வரம்பு 0.3 மி.மீ. அதைத் தாண்டினால் ஓட்டாதீர்கள்.

## அறிகுறி: சத்தம் இல்லை, ஆனால் இழுக்கவில்லை

### ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை

இன்ஜினைத் தொடாதீர்கள், கிளட்ச் வழுக்குகிறது. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியபோது கேபிளை அதிகமாக இழுத்துவிட்டிருக்கலாம், அல்லது கிராங்க்கின் பின்பக்க சீல் கசிந்து கிளட்ச் தட்டில் ஆயில் பட்டிருக்கலாம். கேபிளைத் தளர்த்திப் பார்த்து, மாறாவிட்டால் கியர்பாக்ஸ் இறங்கவேண்டும். இதோடு நான்கு வீல்களும் தடையில்லாமல் சுற்றுகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். வேலை நடக்கும்போது மாதக்கணக்கில் நின்ற வண்டியில், டர்பன் கடற்காற்றில், பிரேக் காலிப்பர் துருப்பிடித்து இறுகுவது சகஜம்.

### எல்லா வேகத்திலும் சோம்பல்

செலவில்லாததிலிருந்து போகலாம். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவரை ஆக்சிலரேட்டரைத் தரைவரை அழுத்தச் சொல்லி, த்ராட்டில் முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். கேபிளைப் பழைய இடத்தில் மாட்டாமல் விட்டிருந்தால் முக்கால்தான் திறக்கும். இந்தச் சோதனையைக் கம்ப்ரஷன் பார்த்த பிறகு செய்கிறவர்களே அதிகம், அது வீண் உழைப்பு.

அடுத்து ஏர் ஃபில்டர். பிறகு இன்டேக் வழி. கழற்றிய இன்ஜினுக்குள் எதுவும் விழாமல் இருக்கத் துளைகளில் துணி அடைப்பார்கள். அந்தத் துணியை எடுக்காமல் மேனிஃபோல்டை மாட்டுவதும் நடக்கிறது.

பிறகு டைமிங். புல்லி குறியை நம்புமுன், அந்தக் குறியே சரிதானா என்று சோதியுங்கள். முதல் பிளக் துளையில் ஒரு நீளமான மரக்குச்சியை விட்டு, கையால் கிராங்க்கைச் சுற்றி, குச்சி உச்சிக்கு வரும்போது புல்லி பூஜ்யம் காட்டவேண்டும். பழைய புல்லிகளில் நடுவே உள்ள ரப்பர் வழுக்கி வெளிவளையம் நகர்ந்திருக்கும். குறி பொய் சொல்லும். குறி சரியாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறதா, வேக்கம் அட்வான்ஸ் ஹோஸ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

### கீழ் வேகத்தில் செத்துக்கிடக்கிறது, மேலே பரவாயில்லை, அல்லது நேர்மாறாக

கேம் டைமிங் ஒரு பல் பிசகியிருக்கிறது. கேம் பின்தங்கினால் கீழே இழுவை போகும். முந்தினால் மேலே மூச்சு முட்டும். வேக்கம் கேஜில் முள் ஆடாமல், ஆனால் தாழ்வாக நிற்கும். கடல்மட்டத்தில் நல்ல இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) காட்டும். இதில் 15-க்கும் கீழே இறங்கும்.

டைமிங் கவரைத் திறந்து, கிராங்க்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகு குறிகளைப் பாருங்கள். பெல்ட் மாட்டியவுடன் ஒத்துப்போகும் குறிகள், டென்ஷனர் இறுகி இரண்டு சுற்றுப் போனதும் ஒரு பல் விலகுவது உண்டு. 4ஏ-எஃப்இ-இல் பெல்ட் பிசகினாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது. உங்கள் இன்ஜின் மோதும் வகையா என்று தெரியாவிட்டால், கையால் சுற்றும்போது எங்காவது கெட்டியாகத் தடுத்தால் அதோடு நிறுத்துங்கள். ஸ்டார்ட்டரைப் போட்டுப் பார்க்கவே கூடாது.

### ஐடிலில் நடுங்குகிறது, இழுவையும் இல்லை

பிளக் வயர் வரிசையைப் பாருங்கள்: 1-3-4-2. இரண்டு வயர் மாறியிருந்தாலும் இன்ஜின் எப்படியோ ஓடும். பிறகு இன்ஜினுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவில் உள்ள எர்த் பட்டை. அதை மாட்ட மறப்பதும், துருவின் மேலேயே மாட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. அப்புறம் வேக்கம் ஹோஸ்கள், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட். ஆறிய இன்ஜினில் இணைப்பு ஓரமாகச் சோப்புத்தண்ணீரைத் தெளியுங்கள். ஐடில் மாறுகிற இடத்தில் காற்றிழுக்கிறது. வேக்கம் முள் ஒரே தாளத்தில் துள்ளினால் ஏதோ ஒரு வால்வு மூடவில்லை, கம்ப்ரஷன் பார்க்கவேண்டும்.

### முதலில் இழுக்கிறது, வேகம் கூடக்கூட மூச்சு முட்டுகிறது

பெட்ரோல் ஃபில்டரும் பம்ப்பும் முதலில். நின்ற வண்டியின் டேங்க் அடியில் சேர்ந்த துரு, ஓட ஆரம்பித்ததும் ஃபில்டருக்கு வந்துவிடும். புது ஃபில்டர் போட்டும் மாறவில்லை என்றால், 2500 ஆர்பிஎம்-இல் நிறுத்திவைத்து வேக்கம் கேஜைப் பாருங்கள். முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எக்ஸாஸ்ட் அடைப்பு. பழைய இன்ஜின் குடித்துத் தள்ளிய ஆயில், கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) இருந்தால் அதை அடைத்திருக்கும், அல்லது சைலென்சர் உள்தட்டு முறிந்து வழியை மறிக்கும்.

### டர்பனில் சரி, ஜொகன்னஸ்பர்க்கில் இழுவை இல்லை

இது பழுது அல்ல. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். அங்கே போய்ச் சேரும்போது ஆறில் ஒரு பங்கு போயிருக்கும். வான் ரீனன் கணவாய்க்கு மேல் கியர் இறக்கவேண்டியிருப்பதை வைத்து ரிங் மேல் பழி போடாதீர்கள். கேஜ் எண்களும் அங்கே குறையும்: வேக்கம் ஐந்தாறு அங்குலம் தாழ்ந்தும், கம்ப்ரஷன் ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தும் காட்டும். இங்கே அளந்ததை அங்கே அளந்ததோடு ஒப்பிட்டுச் சண்டைபிடிக்கக் கூடாது. கார்புரேட்டர் வண்டியில் கலவை அங்கே தடித்துப்போகும். பிளக் கறுத்தால் அங்குள்ளவரிடம் ஜெட்டை மாற்றிக்கொள்ளலாம்.

## மேலே சொன்னது எதுவும் இல்லை: கம்ப்ரஷன்

இன்ஜின் சூடாக, எல்லா பிளக்கும் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் துண்டித்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, நல்ல பேட்டரியோடு அளக்கவேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் எண்ணுக்கு மதிப்பில்லை. 4ஏ-எஃப்இ-க்கு 13 பார் அளவு வரவேண்டும். 10 பாருக்குக் கீழே போகக்கூடாது. சிலிண்டருக்குச் சிலிண்டர் ஒரு பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது.

நான்கும் ஒரே அளவு குறைந்திருந்தால் கேம் டைமிங்கை மறுபடி பாருங்கள். அது சரி என்றால் ரிங் இன்னும் படியவில்லை. அருகருகே உள்ள இரண்டு மட்டும் குறைந்திருந்தால் நடுவில் ஹெட் கேஸ்கெட் கசிகிறது. ஒன்று மட்டும் குறைவு என்றால் அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள்: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

ரிங் படியாததற்குப் பயந்து உடனே பிரிக்கவேண்டாம். முதல் நாட்களில் வண்டியை ஐடிலில் வெகுநேரம் ஓடவிடுவதும், மிகவும் மெதுவாகவே ஓட்டுவதும் சிலிண்டர் சுவரைப் பளபளப்பாக்கிவிடும், ரிங் பிடிக்காது. முதல் 1000 கி.மீ. வரை மினரல் ஆயில் ஊற்றி, ஒரே வேகத்தில் நிற்காமல், மிதமான சுமையில் ஏறி இறங்கி ஓட்டவேண்டும். பைன்டவுனிலிருந்து க்ளூஃப் வரை ஏறிவிட்டு, கியரிலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்குவது இதற்கு நல்ல பாதை. 1000 தாண்டியும் நீலப்புகை வந்து கம்ப்ரஷன் ஏறவில்லை என்றால் மறுபடி ஹானிங்தான் வழி.

## கட்டியவரிடம் திரும்பிப் போகும்போது

இந்த நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 57-ஆவது பிரிவில், பழுதுபார்க்கும்போது பொருத்திய புது பாகத்துக்கும் ரீகண்டிஷன் பாகத்துக்கும், அதைப் பொருத்திய வேலைக்கும் குறைந்தது மூன்று மாத உத்தரவாதம் தருகிறது. தவறாகப் பயன்படுத்தினால் அது செல்லாது. தட்டல் கேட்டும் ஓட்டிக்கொண்டே இருந்தால் அப்படி வாதாட நாமே இடம் கொடுத்ததாகும். மூன்று மாதத்துக்குள் இருந்தால் ஹெட்டையோ சம்பையோ நீங்களே திறக்காதீர்கள். வெளியிலிருந்து செய்யும் சோதனைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதே சட்டத்தின் 67-ஆவது பிரிவின்படி, கழற்றிய பழைய பாகங்களை நீங்கள் வேண்டாமென்று சொல்லாத வரையில் திருப்பித் தரவேண்டும். பழைய பேரிங்குகளைக் கேட்டு வாங்கி வையுங்கள். அவற்றின் முதுகில் சைஸ் பொறித்திருக்கும். கிராங்க்கைத் தேய்த்த ரசீதையும் பக்கத்தில் வைத்தால் புது பேரிங் எந்த அளவில் இருந்திருக்கவேண்டும் என்பது வாய்ப்பேச்சுக்கு இடமில்லாமல் தெரிந்துவிடும்.

போகும்போது சத்தத்தை விவரிக்க முயலாதீர்கள். போனில் பதிவுசெய்து கொண்டுபோங்கள்: ஆறிய ஸ்டார்ட், சூடான ஐடில், 2500 ஆர்பிஎம்-இல் காலை எடுப்பது என்று மூன்று பதிவு. கூடவே ஆயில் அழுத்தம், நான்கு கம்ப்ரஷன் எண்கள், கி.மீ. கணக்கு, எந்த ஊரில் அளந்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பேச்சு மசியவில்லை என்றால் தென்னாப்பிரிக்க மோட்டார் துறை குறைதீர்ப்பாளரிடம் எழுத்தில் புகார் தரலாம். அங்கேயும் அவர்கள் கேட்பது இதே தாள்களைத்தான்.